ரோடு போட வருகிறார்களா? தெருக்காரர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக முளைக்கும் குடியிருப்போர் சங்கங்கள் என்னையும் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகின்றன. நாங்கள் சங்கம் ஆரம்பித்தபோது புலம்பியதை அப்படியே இப்போது அவர்கள் புலம்புகிறார்கள். மனுவில் தேதி போடு, நகல் வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். சென்னையை வைத்தே சொல்கிறேன்.

யாருடைய ரோடு என்று பாராமல் மனு கொடுப்பது

உட்புறத் தெரு என்றால் மண்டல அலுவலகம். பஸ் போகும் சாலை என்றால் மாநகராட்சியின் பேருந்து தட சாலைகள் துறை. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வடிகாலில் சாக்கடை ஓடினால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். ஒரே மனுவை இருவருக்கும் முகவரியிட்டுக் கொடுங்கள்.

தார் ஊற்றிய பிறகு விழித்துக்கொள்வது

இதுதான் இன்னமும் எரிச்சல் மூட்டுகிறது. ரோலர் போன மறுநாள் காலை குழுவில் பளபளக்கும் ரோட்டின் படமும் வரிசையாகக் கும்பிடும் வரும். 'சூப்பர் சார்' என்பார்கள். அடுத்த படத்தில் ஒரு வீட்டுக் கேட் பாதி திறந்து நிற்கும், அதன் கீழ்க்கம்பி தாரில் இடிக்கிறது. மழை வந்ததும் அதே வீட்டு சம்ப்புக்குள் தெருத் தண்ணீர். அப்புறம் கேட்டை அறுத்து, வாசலை உயர்த்தி, சம்ப் மூடியைத் தூக்கி வைத்து, எல்லாம் சொந்தச் செலவு.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதுத் தார் போட வேண்டும். சுரண்டி எடுப்பதைத்தான் மில்லிங் என்கிறார்கள். 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதை எழுத்திலேயே அறிவுறுத்தினார். 'அதான் உத்தரவு இருக்கே' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு லாரி வந்து நிற்கும்போது, 'மெஷின் வேற ஏரியாவுல இருக்கு சார்' என்று மேஸ்திரி சொன்னால் உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது?

எஸ்டிமேட், அதாவது வேலையின் மதிப்பீட்டு ஆவணம், இருக்க வேண்டும். அதில் மில்லிங் தனி வரியாக இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர், மேலே போடும் தார் எவ்வளவு கனம் என்று பாருங்கள். டெண்டர் விட்டாயிற்று என்று காதில் விழுந்ததுமே உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, தெருவில் தார் போட ஒரு ராத்திரி போதும். முன்கூட்டியே கேட்கச் சொல்வது அதனால்தான். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது. இதை யாரும் பயன்படுத்துவதில்லை.

இன்னொன்று, வேலைக்கு முன் நாலைந்து வீட்டு வாசலில் படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுத்து வையுங்கள். முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளங்கள். செய்த வேலையின் அளவைப் பொறியாளர்கள் குறிக்கும் எம்-புக்கில் மில்லிங் செய்ததாக எழுதியிருந்து, ரோடு மட்டும் உயர்ந்திருந்தால், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தெருவில் இந்தப் படங்களோடு போனபோதுதான் பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தெருவைப் பார்த்தார். ஆனால் ஒப்பந்ததாரரின் பில் பாஸ் ஆவதற்கு முன் போக வேண்டும். பில் பாஸான பிறகு காபி கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஆர்.டி.ஐ. மனுவில் 'ஏன்' என்று கேட்பது

ஏன் தரமில்லை என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயர் சொல்லி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கவுன்சிலரைப் பகைத்துக்கொள்வது

அடுத்த ரோடும் அவர் வார்டில்தான்.

பகுதி சபையில் ஊர்க்கதை பேசுவது

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில், வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அங்கே போய் நாடு கெட்டுப்போச்சு என்று பேசுபவர்களால்தான் நேரம் முடிகிறது. தெருப் பெயர், வீட்டு எண், என்ன வேலை என்று மூன்றே வரி சொல்லுங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.

மாநகராட்சிப் புகார் எண் 1913க்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது

வேலையே நடக்காமல் 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். அன்றைக்கே படத்தோடு மறுபடி பதியுங்கள், பழைய புகார் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.