கோப்புப் பிழைகளைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்பைத் திறக்கவோ எழுதவோ முடியாமல் போகும்போது இயங்குதளம் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகத் தருகிறது. செயல் தோற்றதா என்பதை, நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு திருப்பித் தரும் மதிப்பு, அதாவது திரும்பு மதிப்பு, சொல்கிறது. ஏன் தோற்றது என்பதை லினக்ஸில் எர்நோ என்ற மாறியும், விண்டோஸில் கெட்லாஸ்ட்எரர் என்ற செயற்கூறும் ஓர் எண்ணாகச் சொல்கின்றன. வெற்றி பெற்ற அழைப்பு எர்நோவை 0 ஆக்கிவிடுவதில்லை. ஆகவே திரும்பு மதிப்பைப் பார்க்காமல் எர்நோவைக் கொண்டே வெற்றி தோல்வியை முடிவு செய்பவர், எப்போதோ நடந்த வேறொரு தோல்வியின் எண்ணைக் கண்டு ஏமாறுவார். தோல்வி தெரிந்ததும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் பிறகு எர்நோவைப் பார்ப்பதும் தவறே. அந்த வரியை எழுதும் வேலையே எண்ணை மாற்றிவிடக்கூடும் என்பதால், முதலில் அதை வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணின் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 2 என்றால் இரண்டு இயங்குதளங்களிலும் கோப்பு இல்லை என்று பொருள். ஆனால் 5 என்பது லினக்ஸில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, விண்டோஸில் அனுமதி மறுப்பு. எண்ணுக்குரிய வாக்கியத்தை ஒப்பிட்டு முடிவெடுப்பது இன்னும் மோசம், ஏனெனில் கணினியின் மொழி அமைப்பு மாறினால் வாக்கியமும் மாறலாம்.

எண் சரியாகக் கிடைத்தாலும் அதை அவசரமாகப் படிக்கக் கூடாது. லினக்ஸில் 28 என்பது இடமில்லை என்ற பிழை. வட்டில் இடம் தாராளமாக இருந்தும் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் பதிவிடங்கள்) தீர்ந்துபோனால் அதே எண்தான் வரும். அனுமதி மறுப்பைக் குறிக்கும் 13 வந்தவுடன் கோப்பின் அனுமதியை மாற்றுபவர்கள், பாதையில் உள்ள ஒரு கோப்புறைக்குள் நுழையும் அனுமதி இல்லாததை மறந்துவிடுகிறார்கள்.

கோப்பு இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பிறகு திறக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடையே மற்றொரு நிரல் அதை அழிக்கவோ மாற்றவோ முடியும். நேரடியாகத் திறந்து, தோற்றால் காரணத்தைக் கேட்பதே நம்பகமானது.

எழுதும்போதுதான் அலட்சியத்துக்கு அதிக விலை கொடுக்க நேர்கிறது. ரைட் அழைப்பு கேட்டதைவிடக் குறைவான பைட்டுகளை எழுதிவிட்டு, பிழை எதுவும் காட்டாமல் திரும்பலாம்; மீதியை எழுதுவது நிரலின் பொறுப்பு. முழுவதும் எழுதிவிட்டதாகத் திரும்பினாலும், தரவு பெரும்பாலும் நினைவகத்தில்தான் நிற்கிறது. பிணையம் வழியே வேறு கணினியில் சேமிக்கும் பிணையக் கோப்பு முறைமைகளில், அதைச் சேமிக்க முடியாமல் போன தோல்வி கோப்பை மூடும் குளோஸ் அழைப்பின்போதுதான் தெரியவரலாம், அதன் திரும்பு மதிப்பையோ பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை.

நினைவகத்தில் உள்ள தரவை வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு தோற்றால் மறுபடி அழைத்துப் பார்ப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் லினக்ஸில், வட்டில் எழுத முடியாத நினைவகப் பக்கங்கள் (தரவுத் துண்டுகள்) எழுதப்பட்டவையாகக் குறிக்கப்பட்டுவிடலாம். அப்போது இரண்டாவது அழைப்பு வெற்றி என்று சொல்லும், தரவு வட்டில் இருக்காது. 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்கள் இதை எதிர்கொண்ட பின், எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்யாமல் சேவையகத்தை உடனே நிறுத்தி, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுக்கும்படி அதை மாற்றினார்கள்.