பித்தளைக் கம்பியில் ஒரு உப்புத்தாள் உருளை

பழைய தேக்குப் பலகையில் அலமாரிக்குத் தாங்கி வெட்டினேன். நடுவில் ஒரு வளைவு ஓட்டை. விரல் நுழையும், தேய்க்கத் தோதில்லை. கை ரோட்டரி கருவியோடு (முனையில் மாட்டியதை வேகமாகச் சுழற்றும் சின்ன மெஷின்) வந்த, உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் சின்ன உருளையின் ரப்பர் ஏற்கெனவே கிழிந்து போயிருந்தது.

அதற்குப் பதில் நானே ஒன்று செய்ய, வெல்டிங் கடையில் 3.15 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்று வாங்கினேன். என் கருவியின் காலெட் (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் வாய்) 3.2 மி.மீ., சரியாக உட்கார்ந்தது. வைஸில் நிறுத்தி, ஹேக்ஸா பிளேடால் நுனியை நெடுவாக்கில் 15 மி.மீ. பிளந்தேன். துணி எமரியில் (துணியில் ஒட்டிய உப்புத்தாள்) ஒரு பட்டை வெட்டி, பிளவில் செருகி நாலு சுற்று சுற்றியதும் உருளை தயார்.

ஓட்டினேன். பட்டை அவிழ்ந்து பட் பட்டென்று விரலில் அடித்தது. சுழலும் திசையிலேயே சுற்றியிருந்தேன்! எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வெளி நுனி பின்னால் இழுபட்டு வரும். மரத்தில் உரசும்போது இன்னும் இறுகும். பத்து வயதுப் பையனுக்கும் புரிகிற விஷயம், எனக்கு ஒரு தழும்புக்கு அப்புறம்தான் புரிந்தது.

சரி என்று வேகத்தைக் கூட்டினேன். காலெட்டுக்கு வெளியே இரண்டரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி அதிர்ந்து, அப்படியே வளைந்துவிட்டது. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன். புதுத் துண்டை வெளியே 20 மி.மீ. மட்டும் தெரியும்படி பிடித்து, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினேன். தேய்ந்த நுனியைக் கிழித்துப் போட்டால் உள்ளே புது எமரி; கடை உருளையில் அது நடக்காது.