காமாலையோடு குளிர்நடுக்கம்: நாங்கள் செய்த தவறுகள்

காசிமேட்டில் மீன் விற்கும் என் பெரியம்மாவுக்குக் கண் மஞ்சளானதும், நாங்கள் கீழாநெல்லி தேடித்தான் போனோம். ஐந்து நாள் மோரில் அரைத்துக் கொடுத்தோம். ஆறாம் நாள் ராத்திரி உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்நடுக்கம். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, நாங்களும் தூங்கிவிட்டோம். விடிந்தபோது எங்களை அடையாளம் தெரியாமல் உளறிக்கொண்டிருந்தார். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பித்தக்குழாயில் கல் அடைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் தெரிந்த வீடுகளிலும் காமாலை என்றால் முதலில் கீழாநெல்லிதான் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாக் காமாலையும் ஒன்றில்லை. குடிநீரில் சாக்கடை கலந்து வருகிற காமாலை நமக்குப் பழக்கம். அது ஈரலைத் தாக்கும் வைரஸ். பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மலம் களிமண் மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தக்குழாயில் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கல்லோ, கட்டியோ, குழாய்ச் சுருக்கமோ, எதுவாக இருந்தாலும் கீழாநெல்லி அதைத் திறக்காது.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. அது ஓடிக்கொண்டே இருக்கும்வரை, குடலிலிருந்து ஏறிவரும் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அடைத்துக்கொண்டால்? கேப்டன் காட்டன் கால்வாய் அடைத்தால் வியாசர்பாடித் தெருவுக்குள் தண்ணீர் ஏறுகிற கதைதான். தேங்கிய பித்தத்தில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள் பெருகும். அழுத்தம் ஏற ஏற, அவை ஈரல் வழியாக ரத்தத்துக்குள் புகும். நடுக்கம் வருவது அப்போதுதான். காய்ச்சல், மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே வலி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, 1877-ல். மனக்குழப்பமும் ரத்த அழுத்தம் விழுவதும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று 1959-ல் ரெனால்ட்ஸும் டார்கனும் எழுதினார்கள். பெரியம்மா உளறியது அந்தக் கட்டம்.

அதனால், ஊசியில் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியடைவதுதான் மிகப் பெரிய தவறு. ஆன்டிபயாடிக் அவசியம், ஆனால் தேங்கியதை வெளியேற்றாமல் அது மட்டும் போதாது. வாய் வழியே எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை இறக்கி, பித்தக்குழாயின் வாயைத் திறந்து கல்லை எடுப்பார்கள், அதற்கு இ.ஆர்.சி.பி. என்று பெயர். "வயசானவங்க, தாங்க மாட்டாங்க" என்று எங்கள் வீட்டிலும் தயங்கினார்கள். தள்ளிப்போடுவதைத்தான் உடம்பு தாங்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அப்புறம், "பித்தப்பையைத்தான் எடுத்தாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். பை போனாலும் குழாயில் கல் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சில சமயம் வலியே இருக்காது. சோர்வும் குழப்பமும் மட்டும் தெரியும்.

கடைசியாக ஸ்டென்ட். பித்தம் வடிய உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் குழாய் நிரந்தரமில்லை. சுமார் மூன்று மாதத்தில் அதுவே அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் அதே நடுக்கம் திரும்ப வரும். உடம்பு தேறியதும் அதை மறந்துவிடுகிறோம். பெரியம்மாவும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று வர மறுத்தார். ஸ்டென்ட்டை எடுக்க டிஸ்சார்ஜ் சீட்டில் போட்டிருந்த தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்தோம். அந்த நாளில் வியாபாரத்துக்கு விடாமல் அழைத்துப் போய்த்தான் எடுத்தோம்.