பெங்களூரில் இறங்கும் சக்கர நாற்காலிப் பயணிக்கு வண்டி எங்கே நிற்க வேண்டும்?

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர் உள்ள பலர் வெளிநாட்டிலிருந்து பெங்களூரில்தான் வந்து இறங்குகிறீர்கள். கூட வருபவர் சக்கர நாற்காலியில் இருந்தால், டிக்கெட் போட்ட கையோடு இரண்டு போன் பேசிவிடுங்கள்.

முதல் போன் விமான நிறுவனத்துக்கு. கடைசி 48 மணி நேரம் வரை தள்ளிப்போட வேண்டாம். படி ஏறுவாரா, கொஞ்சமாவது நடப்பாரா, நடக்கவே முடியாதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு, அதைப் பொறுத்துத்தான் உதவி வரும். சொந்த நாற்காலியில் பேட்டரி இருந்தால் அதன் விவரமும் வேண்டும்.

இரண்டாவது போன், வண்டி கொண்டு வரும் உறவுக்காரருக்கு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இங்கே பல டாக்சிகளில் டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், மடித்த நாற்காலி உள்ளே போகாது. முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வாசலிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். அங்கே வண்டி சில நிமிடங்கள்தான் நிற்கலாம், அவசரத்தில் ஒருவரைத் தூக்கி உட்கார வைப்பது ஆபத்து. நேராகப் பார்க்கிங்குக்குள் போய், சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தைக் கேளுங்கள். அந்த இடத்துக்கு நம் நாட்டு விதிமுறை சொல்லும் அகலம் 3.6 மீட்டர், கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அந்த அகலம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது, டொரொண்டோவிலிருந்து அத்தை வந்த அன்றுதான். பக்கவாதத்தால் அவருக்கு வலப்பக்கம் பலமில்லை. கனடாவில் முன் இருக்கைக்கு வலது கதவு. நாற்காலியைக் கதவோரம் நிறுத்தினால், பலமான இடக்கையை ஊன்றி இடப்பக்கமாக நகர்ந்து ஏறிவிடுவார். இங்கே முன் இருக்கைக்கு இடது கதவு. பலமில்லாத பக்கமாக நகர வேண்டியிருந்தது, அத்தை தடுமாறிப்போனார். அப்புறம் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள வலது கதவைத் திறந்தோம். பக்கத்தில் தாராளமாக இடம் இருந்ததால் நாற்காலி ஒட்டி நின்றது, எப்போதும் ஏறுவது போலவே ஏறினார். அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் இதை வீட்டிலேயே யோசித்து வையுங்கள். லண்டன்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வெளிநாட்டில் கார்க் கண்ணாடியில் வைக்கும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு இங்கே சட்டப்படி மதிப்பில்லை. ஆனாலும் கொண்டு வாருங்கள், அந்த இடத்தில் வேறு வண்டி நின்றால் காவலாளியிடம் பேச உதவும்.

டிக்கெட் இல்லாதவர்களைப் பாதுகாப்புப் படையினர் முனையத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் நாற்காலியைத் தள்ளிவரும் பணியாளரிடம், “கார் வரைக்கும் வாங்க” என்று உள்ளேயே கேட்டுவிடுங்கள். அழைத்துப் போக இரண்டு பேர் வந்தால் நல்லது: ஒருவர் வண்டியோடு, இன்னொருவர் வருகை வாசலில்.

கிளம்பும் முன் விமான நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய் வந்துவிடச் சொல்லுங்கள். விமான நிலையம் உள்ள தேவனஹள்ளி பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது, நீங்கள் போகும் வழியில் உள்ள ஒசூர் தெற்கே. நெரிசலில் ஊரைக் கடக்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும், வழியில் நாற்காலி நுழையும் கழிப்பறை கிடைப்பது கஷ்டம்.