காரம் என்றால் மிளகாயா? மஞ்சளும் சங்குப்பூவும் வைத்து ஒரு வகுப்பு

அமிலம், காரம் பாடத்தைத் தொடங்கியதும் பிள்ளைகள் மனதில் வந்து நிற்பது மிளகாய்தான். தமிழில் உறைப்புக்கும் அதே பெயர். வரையறையைப் பத்துமுறை ஒப்பித்தாலும் இந்தக் குழப்பம் போகாது. கண்ணால் பார்த்தால் போய்விடும்.

முந்தின இரவே, வெற்றிலைச் சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி இறுக மூடி வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு வெள்ளை ஏடு படியும், வீரியமும் குறையும். கூடவே ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் குழைத்து, வடிதாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

நீலச் சங்குப்பூ 10 எடுத்து, கொதித்து இறக்கிய 200 மில்லி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் நிறத்தைக் கெடுக்கும், எவர்சில்வர் போதும். போர் தண்ணீரின் உப்பு அமிலத்தைக் கொஞ்சம் தின்றுவிடுவதால் கேன் தண்ணீரோ மழைநீரோ நல்லது.

வகுப்பை ஆரத்தியில் தொடங்குங்கள். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்புத் தெளிவை விட்டதும் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகும். கலக்கினால் மறுபடி சிவப்பு. இன்னும் சில சொட்டுகளில் முழுவதும் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தை எலுமிச்சையின் அமிலம் சமன்செய்யும் நடுநிலையாக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்ட வழியில்லை. சொட்டுகளைப் பிள்ளைகளே எண்ணட்டும்.

ஆனால் மஞ்சளுக்கு எலுமிச்சையும் தண்ணீரும் ஒன்றுதான். இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அங்கேதான் சங்குப்பூ வேண்டும். வெறும் தண்ணீரில் நீலம், எலுமிச்சையில் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, சுண்ணாம்புத் தெளிவில் பச்சை. அந்தப் பச்சை நேரமாக ஆக மஞ்சளாகிவிடும். சாயம் சிதைவதுதான் காரணம், உடனே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆப்ப சோடாவில் மஞ்சள் தாள் லேசாகத்தான் நிறம் மாறும். சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது மென்காரம். ஒவ்வொரு கரைசலுக்கும் தனிச் சொட்டுக்குழாய் கட்டாயம்.

பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் வகுப்புக்குள் வரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சுண்ணாம்பு நீர் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இப்போது மிளகாய். இரண்டு பச்சை மிளகாயை நீங்களே கீறி, அரை டம்ளர் நீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். மிளகாய்த்தூளின் சிவப்பு குழப்பும், அது வேண்டாம். அந்த நீரில் மஞ்சள் தாள் சிவக்காது, சங்குப்பூ பச்சையாகாது. உறைப்பு மிளகாயிலுள்ள காப்சைசின் என்ற பொருள் தருவது. வேதியியல் சொல்லும் காரம் வேறு.

வீட்டுப்பாடமாக, குழம்புக் கறை பட்ட வெள்ளைத் துணியில் சலவை சோப்பைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறை ஏன் சிவக்கிறது என்பதை மறுநாள் அவர்களே உங்களுக்குச் சொல்லட்டும்.