இளைஞரிடம் அடையாளம் பற்றிக் கேட்கும் கேள்வியை எழுதுவது எப்படி?

மொரீசியஸின் ரோஸ் ஹில் நகரில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தோம். "உன் இனம் எது? ஒன்றை மட்டும் குறி" என்று நான்தான் எழுதியிருந்தேன். அப்பா தமிழர், அம்மா கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகம்) என்ற ஒரு மாணவி அந்தக் கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டுத் தாளைத் தந்தாள். அவளுக்குத் தமிழ் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். பிழை கேள்வியில் இருந்தது. உங்கள் மன்றத்திலும் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்தப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் பிரித்து எழுதுங்கள். மொரீசியஸில் "தமிழ்" என்ற சொல்லுக்குப் பல வேலை. முன்னோர் பேசிய மொழி எது என்றால் தமிழ். வீட்டில் பேசுவது எது என்றால் பெரும்பாலும் கிரியோல்; பிரெஞ்சிலிருந்து வளர்ந்த இந்நாட்டுப் பேச்சுமொழிக்கும் அதே பெயர்தான். மதம் எது என்றாலும் பலர் "தமிழ்" என்றே எழுதுகிறார்கள். அரசின் மக்கள்தொகைக் கணக்கின் மத அட்டவணையிலும் அது தனி வரியாகவே வருகிறது. அரசியல் சாசனமோ இந்து, முஸ்லிம், சீன மொரீசியர் என்று மூன்று சமூகங்களைச் சொல்லி, வாழ்க்கை முறையால் இவற்றில் சேராத எல்லோரையும் "பொது மக்கள்" என்கிறது. அங்கே தமிழுக்கென்று தனி இடம் இல்லை. ஒரே பையன் கேள்விக்குக் கேள்வி வேறு பதில் தரலாம், எல்லாமே உண்மைதான். 1972-க்குப் பிறகு அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமூகம் எது என்று கேட்பதே இல்லை. ஆகவே மொழி, மதம், அடையாளம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 2. பட்டியலுக்கு முன் திறந்த கேள்வி வரட்டும்: "நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வாய்?" கீழே மூன்று கோடு. பட்டியலை முதலில் காட்டினால் அதிலுள்ள சொற்களே திரும்பி வரும்.

படி 3. பட்டியலில் "பொருந்துவதை எல்லாம் குறி" என்று எழுதுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000-இல்தான் இடம் கொடுத்தது.

படி 4. எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம் என்பதும் கேள்வியின் பகுதிதான். 1994-95-இல் அமெரிக்காவில் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் ஆய்வில் அதே பிள்ளைகளிடம் பள்ளியில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை இனத்தைக் கேட்டார்கள். ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்விகள்தான். ஆனாலும் சுமார் 12 சதவீதத்தினரின் பதில்கள் பொருந்தவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இனம் என்றவர்கள் பள்ளியில் 6.8 சதவீதம், வீட்டில் 3.6 சதவீதம். காவடிக்கு ஆள் சேரும் கோவில் மண்டபத்தில், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை என்ன எழுதும் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக, பெயர் எழுதாமல் நிரப்பவிடுங்கள். தாள் தமிழில் மட்டும் இருந்தால் அதுவே பிள்ளையை ஒரு பக்கம் இழுக்கும்; கிரியோலிலும் கொடுங்கள்.

படி 5. இப்போது சோதனை. "ஒன்றை மட்டும் குறி" என்று ஒரு தாள், "எல்லாம் குறி" என்று இன்னொரு தாள். இரண்டையும் நன்றாகக் கலைத்து விநியோகியுங்கள்; வரிசைப்படி கொடுத்தால் நண்பர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு வகைத் தாளிலும் எந்தப் பதில் எத்தனை, வெறுமை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 40 பேரில் ஒருவர் இருவர் வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பதில்களைப் பிள்ளைகள் எழுதியபடியே பதியுங்கள். சிலர் "மொரீசியன்" என்று மட்டும் எழுதுவார்கள். அதைப் "பதில் இல்லை" என்ற வரிசையில் சேர்க்கவே கூடாது. அதற்கும் ஒரு தனி வரி போடுங்கள்.