பிறவியிலேயே காது கேளாத குழந்தை: மூளைக்கு ஒலி பழக்குவது எப்படி?

தட்டைத் தட்டிப் பார்த்து, ‘திரும்புறான், கேக்குது’ என்று முடிவு கட்டாதீர்கள். கோயில் தவிலின் அதிர்வை உடம்பே உணரும். நிழலாடினாலும் குழந்தை திரும்பும். 1 மாதத்துக்குள் ஓஏஈ சோதனை (ஒலிக்கு உட்காது தரும் எதிரொலியை அளப்பது), சந்தேகமென்றால் 3 மாதத்துக்குள் பெரா (ஒலி செவிநரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை), 6 மாதத்துக்குள் காதுக்கருவி.

ஏன் இந்த அவசரம்? ஒலியே வராவிட்டால், மூளையில் ஒலியை உணரும் பகுதியான செவிப்புறணியைப் பார்வையும் தொடு உணர்வும் பங்கு போட்டுக்கொள்ளும். உட்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட்டை 3½ வயதுக்குள் வைத்தால் கேட்கும் பாதை நன்றாக வளரும். 7 வயது தாண்டினால் பலன் சுருங்கும். இதற்கிடையே சைகை மொழியை நிறுத்தாதீர்கள், மூளைக்கு ஏதாவதொரு மொழி வேண்டும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும். கருவி கீச்சென்று கத்தினால், காது வளர்ந்து, காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்திருக்கலாம், புதிது எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா ஈரம் கருவிக்கு எமன். இரவில் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.